பெரிய மோட்டார்ஹோம் ஓட்ட என்ன லைசென்ஸ் வேண்டும்? அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் டெக்சஸில் 40 அடி டீசல் மோட்டார்ஹோம், அதாவது சக்கரத்தில் ஓடும் வீடு ஒன்று வாங்கினோம். அன்றிலிருந்து பொங்கல் விழாவுக்குப் போனாலும் சரி, பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்று, "அதுக்கு லாரி லைசென்ஸ் வேணுமாமே?" என்று ஆரம்பிக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகுதான் இதை எழுதி வைத்தேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அவ்வப்போது திருத்தவும் படும். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மாநில டிஎம்வி (லைசென்ஸ் கொடுக்கும் துறை) பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாதாரண கார் லைசென்ஸ் போதுமா, போதாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுற்றிவிட்டு வரப்போகிறீர்கள் என்றால் போதும். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 30 அடிக்குள்தான் இருக்கும். அவற்றில் பெரிய வண்டியும் அநேகமாக ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டியதுதான்; அதன் எடை வரம்பு 14,500 பவுண்டு. நாம் பயப்படும் எல்லைக்கு அது வெகு தூரம்.

சொந்தமாக வாங்கப்போகிறீர்கள், அதுவும் பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்த 38, 40 அடி வண்டி என்றால் கதை வேறு. சில மாநிலங்களில் கார் லைசென்ஸே போதும். சிலவற்றில் தனித் தேர்வு எழுதி, அந்த வண்டியையே ஓட்டிக் காட்ட வேண்டும். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினருக்காக.

எல்லாரும் 26,000 பவுண்டு, 26,000 பவுண்டுன்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கு நாடு முழுவதும் ஒரே தரத்தில் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது நோக்கம். சிடிஎல் என்கிற வணிக லைசென்ஸ் அப்படி வந்ததுதான். 1992 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. அதில் கனரக வாகனம் 26,001 பவுண்டில் தொடங்குகிறது. நம் கணக்கில் சுமார் 11,800 கிலோ. பல மாநிலங்கள் தங்கள் சொந்த விதிகளுக்கும் அதே கோட்டையே எடுத்துக்கொண்டன.

இந்த எடை வண்டியின் இன்றைய எடை அல்ல. ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி அந்த வண்டி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் நிர்ணயித்த வரம்பு. ஜிவிடபிள்யூஆர் என்பார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துச் சுவரிலோ கதவு நிலையிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பவுண்டிலும் கிலோவிலும் அச்சிட்டிருக்கும். வண்டி பார்க்கப் போனால் சோபாவையும் டிவியையும் அப்புறம் பாருங்கள். முதலில் குனிந்து அந்த ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் ஏ மோட்டார்ஹோம் ஓட்ட கிளாஸ் ஏ லைசென்ஸ் வாங்கணுமா?

வேண்டாம். இந்தக் குழப்பத்துக்காகவே தனியாக ஒரு பக்கம் எழுதலாம். மோட்டார்ஹோம் விற்பவர்கள் சொல்லும் ஏ, பி, சி வண்டியின் உருவத்தைக் குறிப்பது. பேருந்து மாதிரி முன்பக்கம் தட்டையாக, பெரிய கண்ணாடியோடு இருப்பது ஏ. வேனுக்குள்ளேயே வீடு கட்டியது பி. வேனின் முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் பெட்டி கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை நீட்டியிருப்பது சி.

லைசென்ஸில் உள்ள ஏ, பி, சி எடையையும் இழுவையையும் குறிப்பது. பல மாநிலங்களில் சி என்றால் கார் லைசென்ஸ். பி என்றால் 26,000 பவுண்டுக்கு மேல் உள்ள தனி வண்டி. ஏ என்றால் கனமான டிரெய்லரை இழுக்கும் கூட்டு வண்டி. ஆக, கிளாஸ் ஏ மோட்டார்ஹோமை கிளாஸ் சி லைசென்ஸில் ஓட்டுவது முழுக்கச் சரியாகவே இருக்கலாம். பெட்ரோல் எஞ்சின் கிளாஸ் ஏ வண்டிகள் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தில் வருபவை. அதன் உச்ச வரம்பு 26,000 பவுண்டு. அந்த எண் தற்செயலாக அங்கே போய் நின்றது என்று நான் நம்பவில்லை!

என் வண்டி ஸ்டிக்கர்ல 27,500 இருக்கு. ஆனா எடை மேடையில போட்டா 25,000தான் வருது. அப்போ தப்பிச்சேனா?

இல்லை. பெரும்பாலும் ஸ்டிக்கர்தான் பேசும். மேலே சொன்ன மாதிரி, வரம்பு என்பது வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஓட்டினால் லைசென்ஸ் வகை மாறாது. ஸ்டிக்கரில் 26,000 என்று போட்டு, நீங்கள் 27,000 ஏற்றிக்கொண்டு போனால் அது தனிக் குற்றம். டயரும் பிரேக்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அப்போ சிடிஎல் எடுக்கணுமா? அதுக்கு மெடிக்கல் சான்றிதழ் எல்லாம் வேணுமாமே?

சொந்த உபயோகத்துக்கு, குடும்பத்தோடு ஊர் சுற்ற என்றால் கூட்டாட்சி விதி சிடிஎல் கேட்பதில்லை. அந்த விதியில் 'வணிக வாகனம்' என்ற சொல்லே வணிகத்துக்குப் பயன்படுத்தும் வண்டியைத்தான் குறிக்கிறது. லாரி ஓட்டுநர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மருத்துவச் சான்றும் அதனால் உங்களுக்குத் தேவையில்லை.

ஆனால் "சிடிஎல் வேண்டாம்" என்பதும் "எதுவும் வேண்டாம்" என்பதும் ஒன்றல்ல. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். வணிகம் சாராத கிளாஸ் பி, கிளாஸ் ஏ என்று தனி வகைகளைச் சில மாநிலங்கள் வைத்திருக்கின்றன. சிடிஎல் மாதிரியே எழுத்து, ஓட்டு தேர்வுகள் உண்டு, ஆனால் சிடிஎல் கிடையாது.

எந்த மாநிலத்துல என்ன விதி?

ஐம்பதையும் இங்கே எழுத முடியாது. நம்மவர்கள் அதிகம் கேட்கும் நான்கைச் சொல்கிறேன். ஃபுளோரிடாவில் கவலையே இல்லை: சாதாரண கிளாஸ் ஈ லைசென்ஸில் எவ்வளவு பெரிய மோட்டார்ஹோமையும் ஓட்டலாம். எங்கள் டெக்சஸில் 26,001 பவுண்டு தொட்டால் வணிகம் சாராத கிளாஸ் பி வேண்டும். நியூயார்க்கில் லைசென்ஸ் வகை மாறாது. 26,000-க்கு மேல் போனால் அதோடு 'ஆர்' என்ற கூடுதல் அனுமதி சேர்க்க வேண்டும், அதற்கும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

கலிஃபோர்னியா மட்டும் வேறு வழியில் யோசிக்கிறது. அங்கே மோட்டார்ஹோமுக்கு எடை பிரச்சினை இல்லை, நீளம்தான் பிரச்சினை. 40 அடி வரை சாதாரண கிளாஸ் சி போதும், ஸ்டிக்கரில் 32,000 பவுண்டு போட்டிருந்தாலும் சரி. 40 அடியைத் தாண்டி 45 அடி வரை என்றால் வணிகம் சாராத கிளாஸ் பி. எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு, உடல்நலக் கேள்வித்தாள் மூன்றும் உண்டு. அங்குள்ள என் மைத்துனர் 40 அடிக்கு மேல் ஓர் அங்குலமும் போகாத வண்டியைத் தேடியே நான்கு மாதம் அலைந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு போய் பம்பருக்குப் பம்பர் அளந்த ஆள் அவர். விளம்பரத்தில் போடும் மாடல் எண்ணை நம்பாதது நல்ல புத்திதான். '40' என்று பெயர் வைத்த வண்டி 41 அடி இருப்பது சகஜம்.

நான் இருக்கற மாநிலத்துல கார் லைசென்ஸ் போதும். வேற மாநிலத்துக்குள்ள போனா அங்க போலீஸ் பிடிப்பாங்களா?

பொதுவாக, உங்கள் வீட்டு மாநிலம் இந்த வண்டிக்கு இந்த லைசென்ஸ் போதும் என்றால் வழியிலுள்ள மாநிலங்களும் அதை ஏற்றுக்கொள்ளும். ஃபுளோரிடா கிளாஸ் ஈ வைத்திருப்பவர் டெக்சஸ் வழியாகப் போக கிளாஸ் பி எடுக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பு ஓட்டுநருக்குத்தான், வண்டிக்கு அல்ல. நீளம், உயரம், எந்தச் சாலையில் போகலாம் என்பதெல்லாம் நீங்கள் நிற்கும் மாநிலத்தின் விதி. கலிஃபோர்னியாவில் 40 அடிக்கு மேற்பட்ட மோட்டார்ஹோம்கள் குறிப்பிட்ட சாலைகளில் மட்டுமே போகலாம். வெளிமாநில எண் பலகைக்கும் அதுதான். அப்புறம், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் லைசென்ஸை மாற்றும்போது புதிய மாநிலத்தின் விதி உங்களுக்குப் பொருந்திவிடும். வீட்டை விற்றுவிட்டு மோட்டார்ஹோமிலேயே வாழ்பவர்கள் ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா என்று முகவரி தேடுவது வரிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். லைசென்ஸையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பின்னாடி எங்க காரையும் கட்டி இழுத்துட்டுப் போகணும். அதுக்குத் தனி லைசென்ஸா?

பெரும்பாலும் இல்லை. இழுக்கப்படுவது 10,000 பவுண்டைத் தாண்டுகிறதா என்பதுதான் அடுத்த கோடு. சாதாரணக் கார் மூன்று, நான்காயிரம் பவுண்டுதான் இருக்கும். கிளாஸ் பி வேண்டிய மாநிலத்தில் அதே பி-யில் இதையும் இழுக்கலாம். மொத்த நீளத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்: கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் 65 அடிதான் வரம்பு. இழுக்கும் காருக்குத் தனி பிரேக் கருவி வேண்டுமா என்பதும் மாநிலத்தைப் பொறுத்தது. சட்டம் கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

பிக்கப் டிரக்கின் பின்னால் பெரிய ஐந்தாம் சக்கர டிரெய்லர் (டிரக்கின் பின் தளத்திலேயே கொக்கி மாட்டி இழுப்பது) மாட்டுபவர்கள்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவர்கள். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் என்றால் டெக்சஸில் வணிகம் சாராத கிளாஸ் ஏ. கலிஃபோர்னியாவில் 10,000-க்கு மேல் 15,000 வரையுள்ள ஐந்தாம் சக்கர டிரெய்லருக்குக் கார் லைசென்ஸோடு ஒரு கூடுதல் அனுமதி போதும். அதற்கு மேல் போனால் கிளாஸ் ஏ. "மோட்டார்ஹோம்தான் பெரிசு, டிரெய்லருக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏர் பிரேக் வண்டிக்குத் தனி அனுமதி வேணும்னு கேள்விப்பட்டேன்.

சிடிஎல்-இல் அப்படித்தான்: ஏர் பிரேக் இல்லாத வண்டியில் தேர்வு கொடுத்தால் லைசென்ஸில் தடை ஒன்று விழும். சொந்த உபயோக மோட்டார்ஹோமுக்கு அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் அது கிடையாது. கனடாவில் குடியிருப்பவர்களுக்கு உண்டு. ஒன்டாரியோவில் அதை 'இசட்' அனுமதி என்கிறார்கள்.

அனுமதி கேட்கவில்லை என்பதற்காகக் கற்றுக்கொள்ளாமல் இருக்கக் கூடாது. காரில் பிரேக் ஆயில் குறைந்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். இங்கே பிரேக்கைப் பிடிக்க வைப்பதே காற்று. நான் கிளம்பும் நாள் காலையில் செய்வது இது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிடுவேன். அழுத்தம் 120 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏறியதும் எங்கோ அடியிலிருந்து 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும். எஞ்சினை நிறுத்தி, சாவியைத் திருப்பியே வைத்து, மஞ்சள் குமிழை அமுக்கிப் பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பேன். அப்புறம் பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் முள்ளைப் பார்ப்பேன். 3 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைத் தீர்ப்பேன். 60 வாக்கில் எச்சரிக்கை மணி அலற வேண்டும். 45-க்கும் 20-க்கும் நடுவில் அந்த மஞ்சள் குமிழ் தானாகவே 'டொக்' என்று வெளியே குதிக்க வேண்டும். குதித்தால் பார்க்கிங் பிரேக் தானே பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். மொத்தம் பத்து நிமிடம். லாரி ஓட்டுநர்களுக்கு இது பாடம்; நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் எனக்கு இந்த விதிகளில் பிடிக்காத ஒன்று.

தேர்வு கஷ்டமா? எந்த வண்டியில கொடுக்கணும்?

அந்த வகையைச் சேர்ந்த வண்டியில்தான், அநேகமாக உங்கள் வண்டியிலேயே. அங்கே ஓட்டிக்கொண்டு போக உங்களிடம் லைசென்ஸ் இருக்காதே! அதனால் அந்த வகை லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். வழியெல்லாம் ஒரே வார்த்தைதான்: "கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி."

அவர் சொன்னது எதற்கென்று முதல் மாதத்திலேயே புரிந்தது. இந்த வண்டியில் பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்து அடிக்கு மேல் உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் வீசும். முகாம் ஒன்றில் வலது பக்கம் ஒடித்துக் கிளம்பினேன். என் கவனமெல்லாம் வலது கண்ணாடியில். இடது பின் மூலை மின் இணைப்புக் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. சேதம் சின்னது, அவமானம் பெரியது. தேர்வில் அதிகாரி பார்ப்பதும் இதைத்தான்: திருப்பத்தில் எவ்வளவு முன்னே போய் ஒடிக்கிறீர்கள், வால் எங்கே போகிறது என்று தெரிந்து ஓட்டுகிறீர்களா, ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் என்ன செய்கிறீர்கள். எழுத்துத் தேர்வு கையேட்டைப் படித்தால் தாண்டிவிடலாம்.

நான் தேர்வு பாஸ் பண்ணிட்டேன். அவசரத்துக்கு என் மனைவி ஓட்டலாமா?

அவரும் அதே வகை லைசென்ஸ் வைத்திருந்தால்தான். லைசென்ஸ் ஆளுக்கு, குடும்பத்துக்கு அல்ல. அந்த அவசரம் நிஜமாக வரும் என்பதால் இருவருமே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் மனைவிதான் பின்னோக்கி எடுப்பதில் கெட்டிக்காரி.

அப்பா ஊர்ல இருந்து வந்திருக்கார், 35 வருஷமா ஓட்டறார். வாடகை வண்டியை அவர் கொஞ்ச நேரம் ஓட்டலாமா அண்ணா?

இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது மாநிலச் சட்டம்: சுற்றுலா வந்தவர் தன் நாட்டு லைசென்ஸில் ஓட்ட எத்தனை நாள் அனுமதி, பன்னாட்டு அனுமதிச் சீட்டு கூட வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்தச் சீட்டு ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸோடு சேர்த்துக் காட்டினால்தான் மதிப்பு. ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு வருவது நல்லது. இரண்டாவது வாடகை ஒப்பந்தம்: ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

எடைக் கணக்கு கேட்பவர்களுக்கு: இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இலகு ரக வாகனம் என்பது 7,500 கிலோ வரை, அதாவது சுமார் 16,500 பவுண்டு. முதல் பதிலில் சொன்ன 14,500 பவுண்டு வண்டி அதற்குள் வந்துவிடும். என் 40 அடி வண்டி வராது, அப்பா எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும். வேலைக்கு வந்து இங்கேயே குடியிருப்பவர்கள் சுற்றுலாப் பயணி கணக்கில் வரமாட்டார்கள். மாநில லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும்.

எத்தனை வயசு ஆகியிருக்கணும்?

சட்டத்தைவிட வாடகைக்காரர்கள் கண்டிப்பானவர்கள். பலர் 25 கேட்பார்கள், சிலர் 21-க்கே கொடுப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாகக் கிளம்பும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி வீடா மாத்தப்போறேன். அது பஸ் லைசென்ஸ் கேட்குமா?

இருக்கைகள் இருக்கும்வரை அது பஸ்தான். ஓட்டுநரோடு 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்ற வடிவமைத்த வண்டி சிடிஎல் விதியில் பயணிகள் வாகனம். இருக்கைகளைக் கழற்றி, படுக்கை, அடுப்பு, தண்ணீர் வசதி எல்லாம் வைத்து, மாநிலத்தில் மோட்டார்ஹோம் என்று உரிமைப் பத்திரத்தை மாற்றிய பிறகு மற்ற மோட்டார்ஹோம்களுக்கான விதி பொருந்தும். எத்தனை வசதி இருந்தால் மோட்டார்ஹோம் என்று ஒப்புக்கொள்வார்கள் என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் பட்டியல் வைத்திருக்கிறது. சிக்கல் நடுவில்தான்: வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டிவரும் அந்த முதல் பயணம். சிடிஎல் உள்ள ஒருவரை வைத்துக் கொண்டுவருவதே நிம்மதி. பெரிய பள்ளிப் பேருந்துகள் பலவற்றில் ஏர் பிரேக் இருக்கும். மேலே எழுதிய பத்து நிமிடச் சோதனை அங்கேயும் உண்டு.

வார இறுதியில கார் பந்தயத்துக்கு டிரெய்லர் கட்டிட்டுப் போவேன். பரிசுப் பணம் வந்தா வணிகம் ஆயிடுமா?

நல்ல கேள்வி, ஏனென்றால் 'சொந்த உபயோகம்' முடிந்து வணிகம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் இதில் விஷயம். இதற்குக் கூட்டாட்சித் துறையின் விளக்கம் இருக்கிறது. பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாக வரியில் காட்டுகிறீர்கள், செலவைத் தொழில் செலவாகக் கழிக்கவில்லை, நிறுவன ஸ்பான்சர் யாரும் இல்லை என்றால் வணிகமல்ல. வண்டியில் ஸ்பான்சர் பெயரை ஒட்டி அவர்கள் பணத்தில் ஓட்டினால் நிலைமை மாறிவிடும். 26,000 கோட்டுக்கு மேல் சிடிஎல் கேட்கப்படும்.

அதே தர்க்கம்தான் கூலிக்கு அடுத்தவர் மோட்டார்ஹோமை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பவர்களுக்கும். உள்ளே படுக்கை இருக்கிறது என்பதால் அது சுற்றுலா ஆகிவிடாது.

நான் ஏற்கெனவே சிடிஎல் வச்சிருக்கற டிரக் டிரைவர். எனக்கு எந்தத் தலைவலியும் இல்லையே?

ஓட்டும் தகுதியில் இல்லை. உங்கள் வகை போதுமானதாக இருந்தால் மோட்டார்ஹோமையும் ஓட்டலாம். ஆனால் விடுமுறையில் சொந்த வண்டியில் செய்யும் தப்பும் உங்கள் பிழைப்பில் விழும். மோட்டார்ஹோமைக் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றால் முதல் முறைக்கே ஒரு வருடம் சிடிஎல் ஓட்டத் தகுதி போய்விடும், லாரிப் பக்கமே போகாத நாளாக இருந்தாலும்.

கடைக்காரர் லைசென்ஸ் பத்தி ஒண்ணுமே கேட்கல, சாவியைக் கொடுத்துட்டார். அப்போ பிரச்சினை இல்லைன்னுதானே அர்த்தம்?

அவர் வேலை விற்பது. எங்களுக்கு விற்றவரும் கார் லைசென்ஸின் நகலை எடுத்துக்கொண்டு கை குலுக்கினார், அவ்வளவுதான். தகுந்த வகை இல்லாமல் ஓட்டி மாட்டினால் அபராதம் ஒரு பக்கம்; வண்டி அங்கேயே நிற்கும், தகுந்த லைசென்ஸ் உள்ளவர் வந்து எடுக்கும்வரை. விபத்து என்றால் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான்.

காப்பீட்டுக்காரரிடம் முன்பே போனில் கேட்டு, ஸ்டிக்கர் எண், நீளம், உங்கள் லைசென்ஸ் வகை மூன்றையும் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். நான் அந்த அஞ்சலை அச்செடுத்து, வண்டிப் பதிவுத் தாளோடு ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன்.